பாதி வழியில் நின்றது

"ஒண்ணுதான் எறங்கிகீது, சார். இன்னொண்ணு மேலயே நின்னுட்சி போல."

சொல்லிவிட்டு அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அரைத் தூக்கத்தில் இருந்த டாக்டர் மனோகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐப்பசித் தூறல் காலையிலிருந்து விடவில்லை. பட்டாபிராம் கால்நடை மருந்தகத்தின் ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாததுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவருக்குக் கண் சொருகியிருந்தது. இவள் எப்போது உள்ளே வந்தாள் என்பதுகூடத் தெரியவில்லை.

அவள் பெயர் நாகவல்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்குரூ கம்பெனி வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, நெமிலிச்சேரியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்திருக்கிறாள். கையில் பிடித்த கயிற்றின் மறுமுனையில் செவலை நிற நாட்டு நாய் ஒன்று. எட்டு மாதம் இருக்கும். உடம்பைச் சிலிர்த்து அவருடைய கண்ணாடிவரை தண்ணீர் தெளித்தது.

கம்பவுண்டர் தசரதன் சாப்பிடப் போயிருந்தார். டாக்டரே நாயைத் தூக்கி மேசைமேல் விட்டு, பின்னங்கால்களுக்கு நடுவே தொட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். வலது விதை அதன் பையில் இருந்தது. இடது பக்கம் வெறும் தோல். தொடை இடுக்கில் விரலை மெல்ல ஓட்டியபோது, மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டு நழுவியது.

தானும் தொட்டுப் பார்க்கலாமா என்று நாகவல்லி கேட்டாள். அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அது ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

"வயித்துக்குள்ள, கிட்னிக்குப் பக்கத்துலதாம்மா அது உருவாகும். அப்புறம் மெதுவாக் கீழ எறங்கி வரணும். இது வர்ற வழியில தூங்கிடுச்சு."

"தூங்கிட்சா?" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

பசு மாட்டுக்குச் சீட்டு வாங்கியதும் கிளம்பிவிடும் ஆட்களையே பார்த்துப் பழகியவர் மனோகரன். இப்படி நின்று கேட்கும் ஒருத்தி கிடைத்ததில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மழையும் ரயிலும் ஒரே சுருதியில் ஓட, கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார். அவளும் விடாமல் கேட்டாள். வயிற்றில் சுமந்தபோது தாய் பாரம் தூக்கியதால் இப்படி ஆகுமா? கிரகணத்தன்று வெளியே வந்திருந்தால் ஆகுமா? நெமிலிச்சேரியில் எந்த நாய் கிரகணத்துக்கு வீட்டுக்குள் இருந்தது என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பெத்தவ மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார்.

அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார்.

பிறகு வைத்தியத்துக்கு வந்தார். உள்ளேயே விட்டுவைத்தால் உடம்புச் சூட்டில் அது கெட்டுப்போகும், வயதான பிறகு கட்டியாகவும் மாறலாம். ஆபரேஷன்தான் வழி. குட்டிகளுக்கும் இந்தக் குறை வரக்கூடும் என்பதால் ஒன்றை மட்டும் எடுப்பதில்லை.

"ரெண்டையும் எடுத்துடணும்."

நாகவல்லியின் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. நாய் அந்தக் கையை நக்கியது, அவள் கவனிக்கவில்லை.

"எறக்கி வெச்சுத் தைக்க முடியாதா, சார்?"

"நாய்க்கு அப்படிச் செய்யறதில்லம்மா. மனுஷக் கொழந்தைன்னா செய்வாங்க. ரெண்டு வயசுக்குள்ள கூட்டிட்டுப் போனா, எறக்கி அதோட எடத்துலயே வெச்சுத் தெச்சிடுவாங்க. கொஞ்ச நாள்ல ஓடி ஆடும். வளந்தப்புறம் எல்லாரையும் போலத்தான்."

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி கடந்துபோனது. திடீரென்று மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. நாகவல்லி கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நின்றபடியே தூங்கிவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வேறு யாருடையதோ போல் தெளிந்திருந்தது. நாயின் ஆபரேஷனுக்கா ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள்?

மனோகரன் பதிவேட்டைப் பிரித்தார். புதன்கிழமை காலை வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொல்லிவிட்டு, நாய்க்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதப்போனார்.

"எம் பேர எழுதாதீங்க, சார். இது பக்கத்து ஊட்டு எட்மண்ட் அண்ணாத்தே நாயி. புதன்கிழமைக்கு அவரே இட்டாருவாரு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். பக்கத்து வீட்டு நாய்க்காகவா லீவு போட்டுவிட்டு மழையில் நடந்து வந்தாய் என்று கேட்டார்.

அவள் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"நாய இட்டுகினு வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சார். கொழந்தையத் தூக்கினு போய்க் காட்டுனா மானம் போயிடும்னு எங்க ஊட்டுல உட மாட்டேங்குறாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் எழுதிக் குடுங்க, நான் போயிடுறேன். எம் புள்ளைக்கு வர்ற பொங்கலுக்குத்தான் ரெண்டு முடியுது."