மாமியார் தூங்கிய படம்

"முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது! அத்தை தூங்கிட்டாங்க!"

பிரிவியூ தியேட்டரை விட்டு வெளியே வந்த இயக்குநர், தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த எடிட்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அண்ணே, வயசானவங்க. மத்தியானம் சாப்பிட்ட கையோட வந்திருக்காங்க. ஏசி வேற. லேசா கண் அசந்துட்டாங்க, அவ்வளவுதான்."

"லேசாவா? குறட்டைடா! முதல் வரிசையில இருந்த எனக்கே கேட்டுச்சு. அதுவும் படத்துல எந்த இடத்துல? அப்பா கதவைத் தட்டுறாரே, மக திறக்க மாட்டேங்குறாளே, அந்த இடத்துல!"

கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இயக்குநருக்கோ மாமியாரின் கண்தான் அளவுகோல். முதல் படத்தை முடித்துவிட்டு, ஓடுமா ஓடாதா என்று தவித்துக்கொண்டிருந்த சமயத்தில், மனைவியையும் மாமியாரையும் கூட்டிவந்து போட்டுக் காட்டினார். டிவியில் எந்த சீரியல் வந்தாலும் தலைப்புப் பாட்டு முடிவதற்குள் சோபாவில் சாய்ந்துவிடுகிற அந்த அம்மாள், அன்றைக்குக் கடைசிக் காட்சி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதிலிருந்து, மாமியார் பார்க்காமல் இயக்குநர் எந்தப் படத்தையும் வெளியே விட்டதில்லை. இதுவரை ஆறு படம். ஆறிலும் மாமியார் தூங்கவில்லை, ஆறும் வெற்றி. "எங்க அத்தை தூங்கலைன்னா ஊரே தூங்காது" என்று மேடைக்கு மேடை சொல்லுவார். விருது வாங்கினால் முதலில் மாமியார் கையில்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்த ஆறு படங்களிலும் கார் பறந்தது, வில்லன் பறந்தான், கட்டடங்கள் தவிடுபொடியாயின. இந்த ஏழாவது படத்தில் ஒன்றுமே பறக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத ஓர் அப்பா, ஒரு மகள். அவ்வளவுதான் கதை. இதை எடுக்க வேண்டும் என்றுதான் அவர் சினிமாவுக்கே வந்தார். மற்ற படங்கள் ஓடிய தைரியத்தில், தயாரிப்பாளரின் கையைக் காலைப் பிடித்து எடுத்து முடித்திருந்தார்.

"தயாரிப்பாளருக்குப் போன் போடப்போறேன்," என்று சட்டைப்பையைத் துழாவினார். "வெள்ளிக்கிழமை படம் வராது. அந்தக் கதவு சீனைத் தூக்கிடலாம். அங்க ஒரு ஃபைட்டு. அப்புறம் ஒரு குத்துப் பாட்டு."

"பேசிக்கவே பேசிக்காத அப்பா மக கதையில குத்துப் பாட்டை யாருண்ணே ஆடுவா?"

"அப்பாவே ஆடட்டும்!"

எடிட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உங்க எல்லாப் படத்தையும் நான்தான் வெட்டினேன். மத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு வெட்டியிருக்கேன். இதுல மட்டும் எங்க வெட்டுறதுன்னே தெரியலை. தயவு செஞ்சு இதுல கை வைக்காதீங்க."

"நீ தொழில் தெரிஞ்சவன்டா. உனக்குப் பிடிக்கும். டிக்கெட் வாங்கப்போறது அத்தை மாதிரி ஆளுங்கதானே!"

சொல்லி வாய் மூடுவதற்குள், இயக்குநரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மாமியாரே வந்துவிட்டார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. உட்கார்ந்ததுதான் தெரியும்."

"பரவாயில்லைங்க அத்தை. உங்க மேல என்ன தப்பு?"

"ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க படத்துக்கு வந்து இவ்வளவு நிம்மதியா நான் ஒருநாளும் இருந்ததில்லை!"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, அந்த அம்மாள் எடிட்டரின் கையைப் பிடித்தபடி காரை நோக்கி நடந்தார். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் மனசுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கதை, ஒரு குறட்டையில் போய்விட்டது. அதை இனி குத்துப் பாட்டோடுதான் பார்க்க வேண்டும்.

மனைவி மட்டும் அங்கேயே நின்றாள். நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் தூங்கினியா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"யாருக்கும் போன் போட வேண்டாம். ஒரு சீனைக்கூட எடுக்க வேண்டாம். அப்படியே வரட்டும்."

"உங்கம்மாவே தூங்கிட்டாங்க. அப்புறம் என்னத்தை அப்படியே வரட்டும்?"

"எங்கம்மா எல்லாப் படத்துலயும்தான் தூங்குவாங்க."

"என்னது?"

"முதல் படத்துல பேர் போடும்போதே கண்ணு சொருகிடுச்சு. நீங்களோ முன்னாடி உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்குறீங்க. நீங்க பயந்து போயிருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கலை. அம்மா தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளிட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சது. ஆறு படத்துலயும் அதான் என் வேலை. ஹெலிகாப்டர் வெடிச்சுதே, அப்பக்கூட கிள்ளித்தான் முழிக்க வச்சேன்."

இயக்குநர் காரின் பக்கம் திரும்பி அத்தையைப் பார்த்தார். வாங்கிய விருதெல்லாம் ஒருமுறை கண்முன் வந்து போயின. கடைசியில் மெல்லக் கேட்டார்:

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் கிள்ளலை?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சொன்னாள்: "மறந்துட்டேங்க... படம் பார்த்துட்டு இருந்தேன்."