புகை விடாத வண்டி

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிய அதிகாரிக்குச் சுருக்கென்றது. மேஜைமேல் குவிந்திருந்த கோப்புகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், அவர் சொல்லாமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்களை யாரும்மா உட்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். மின்சாரக் காருக்கு மானியம் தர்றீங்களே, என் வண்டிக்கு மட்டும் ஏன் இல்லைன்னுட்டீங்க?"

"அது அந்தக் கணக்குல வராதும்மா."

"ஏன் வராது? நாலு சக்கரம் இருக்கு. பேட்டரியில ஓடுது. துளி புகை விடாது. ஊர் சுத்த ரெண்டாவது கார் வாங்கறவருக்கு அள்ளிக் கொடுக்கறீங்க. இது இல்லாம நான் வேலைக்கே போக முடியாது!"

"சட்டம் பேசறீங்களா? கண்ட ஓட்டை உடைசலுக்கெல்லாம் அரசாங்கப் பணம் கொடுக்க முடியாது."

"பாக்காமலே ஓட்டை உடைசல்னா எப்படி?"

"சரி, பாத்துடுவோம். வாசல்லதானே நிறுத்தியிருக்கீங்க? எழுந்து வாங்க."

"அதெல்லாம் நான் எழுந்திருக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க எழுந்திருங்க."

கோபத்தில் விருட்டென்று எழுந்த அதிகாரி, கோப்புகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அவள் கைப்பிடியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். சக்கர நாற்காலி சத்தமே இல்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"நல்லா எண்ணிக்கோங்க சார். நாலும் சரியா இருக்கா?"