கல்லாவியிலிருந்து கடிதம்

"ஏன் வாத்தியாரே, உங்க சம்சாரத்துக்குக் கோவமே வராதா?"

கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்த சம்பங்கி வாத்தியார் தலையைத் தூக்கினார். வீட்டுக்காரம்மா நஞ்சம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வராதும்மா. செல்வம்மா தங்கமானவ."

"தங்கத்த வெச்சி யாரு குடும்பம் நடத்துவா? புருசன் களி தின்னானா, கஞ்சி குடிச்சானான்னு ஒரு வார்த்த கேக்கல. கும்பிடு போட்டு ஆரம்பிக்கறா, கும்பிடு போட்டு முடிக்கறா. உசுரு உள்ளவ எழுதற காயிதமா இது?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அவருடைய கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைக்காரர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்: பாத்திரங்களுக்கு உயிரில்லை.

உள்ளதைச் சொன்னால், செல்வம்மாள் என்று ஒருத்தியே கிடையாது. ஐம்பத்து நாலாம் வருஷம் உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தபோது, கல்யாணமாகாத ஆளுக்கு வீடு இல்லை என்று நாலு இடத்தில் கைவிரித்தார்கள். "சம்சாரம் கல்லாவியில இருக்கறா. மாமியாருக்கு உடம்பு தேறினதும் வந்துடுவா" என்று நஞ்சம்மாவிடம் புளுகித்தான் இந்த ஒற்றை அறையைப் பிடித்தார். நம்ப வைக்க வாராவாரம் ஒரு கடிதம். அவரே எழுதி அவரே படிப்பார். எழுத்தறியாத நஞ்சம்மா கேட்டுக்கொள்வாள். குட்டு வெளிப்பட்டால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

அடுத்த வாரம் செல்வம்மாள் கோபித்துக்கொண்டாள். "சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா, வழக்கம்போல் டிமிக்கியா?" என்று கேட்டிருந்தாள்.

நஞ்சம்மா சிரித்துவிட்டாள். "இப்பத்தான் வாயத் தொறந்திருக்கறா. பக்கத்து வீட்டுக்காரியப் பத்திப் பொறணி பேச மாட்டாளா?"

பேசினாள். அவரைக் கொடியை ஆடு கடித்ததற்குச் சண்டைக்கும் போனாள். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, பழியை அம்மா மேல் போட்டாள்.

ஆறு மாதத்தில் வாத்தியாருக்கே பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் உள்ளே இருப்பாள் என்று நடையை எட்டிப் போடுவார். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். அழுகை அழுகையாய் வரும்.

இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் நஞ்சம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்: பொங்கலுக்குள் வாத்தியார் சம்சாரம் வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை யாரும் துரத்தமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார் வாத்தியார்.

அந்த வாரக் கடிதம் மாமனார் எழுதியது. "மூன்று நாள் காய்ச்சலில் செல்வம்மாள் நம்மை விட்டுப் போய்விட்டாள்..." படித்து முடிக்குமுன் மேல்துண்டால் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நஞ்சம்மா விருட்டென்று எழுந்தாள். கண்ணில் நீர், குரலில் ஆங்காரம்.

"யாரக் கேட்டு அவளச் சாவடிச்சீங்க? புருசனும் இல்லாம புள்ளையும் இல்லாம கெடக்கறவ நானு. ஆறு மாசமா அவளுக்குக் கோவத்தையும் வாயையும் குடுத்து வளத்தேன். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க போயி வேற காயிதம் எழுதிக்கிட்டு வாங்க வாத்தியாரே!"