பூட்டிக்கொண்ட தையல்கடை

புது ஆள் தைத்த முதல் சட்டையின் காலரைப் பார்த்த குஷியில், அதில் தெருத்தூசி படக்கூடாதென்று தையல்கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்துகிறார். கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது; கதவு திறக்கவில்லை, இருவரும் உள்ளே. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, எட்டு வருடச் சிறை முடிந்து போன வாரம் வெளியே வந்தவனையா பூட்டி வைக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். கைப்பிடி கையிலேயே இருப்பதால் நன்றாக வலிக்கிறது. “அவனையா வேலைக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்ட தெருக்காரர்களின் பிள்ளைகளுக்குத்தான் திங்கட்கிழமைக்குள் நாற்பது சீருடை தைத்தாக வேண்டும், இவன் போய்விட்டால் பாதிகூடத் தேறாது. கதவிடுக்கு வெயில் ஊசிமுனையில் துள்ளுகிறது. மெஷின் நிற்காமல் ஓடுகிறது. “மன்னிச்சுக்கப்பா, புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்” என்று அவர் நாலாவது தடவை சொல்லும்போது, வெளியே மனைவி ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறாள். “ஒரு கதவைச் சாத்தத் தெரியல, இவருக்கு ஒரு கடை!” கதவு படீரென்று திறக்க, வெளிச்சம் வெள்ளைத் துணிகள்மேல் கொட்டுகிறது. கடைக்காரர் மெஷின் பக்கம் திரும்புகிறார்.

“சுத்தி வளைக்காம சொல்லு தம்பி. நாளைக்கு வருவியா, மாட்டியா?”

மெஷின் நிற்கிறது.

“வருவேண்ணே. எட்டு வருஷமா எத்தனையோ பேர் என்னைப் பூட்டியிருக்காங்க. மன்னிப்புக் கேட்ட மொத ஆள் நீங்கதான்.”