பூட்டு தானாகக் கெடாது

"இந்தக் காலத்துல, 'ஆமா, நான்தான் செஞ்சேன்'னு ஒத்துக்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. கையும் களவுமா பிடிச்சாலும் 'நானில்ல'ன்னுதான் பேச்சு!"

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் தரையைத் தட்டினார் பூட்டுக்காரர். எதிரே சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் பேத்தி. எட்டு வயது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே கட்டிலில் அவளுடைய இரண்டு வயதுத் தம்பி, இடது காலை அசைக்க முடியாமல் படுத்துக் கிடந்தான்.

"நான் கீழ போடல தாத்தா. இடுப்புல இருந்து இறக்கித்தான் விட்டேன். அவனா சரிஞ்சு விழுந்துட்டான்."

"அவனா விழுந்தானாம்! இந்தக் கதையெல்லாம் நான் எப்பவோ கேட்டாச்சு."

"போதும் மாமா" என்றாள் மருமகள். "தூக்கத்துலகூட 'நான் போடல, நான் போடல'ன்னு அலறுறா."

"ஒத்துக்கிட்டா ஏன் அலறணும்? நாப்பது வருஷமா பூட்டு ரிப்பேர் பண்றேன். வர்ற அத்தனை பேரும் 'தானா கெட்டுப்போச்சு'ன்னுதான் நீட்டுவாங்க. பிரிச்சுப் பார்த்தா உள்ள ஒடிஞ்ச சாவி கிடக்கும்."

ஸ்கேன் படத்தோடு டாக்டரம்மா வந்தார்.

"எலும்பு எதுவும் முறியல. அடிபட்ட அடையாளமே இல்ல. பத்து நாள் முன்னாடி சளி, காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல? அந்த வைரஸ் வேலைதான். சின்னக் குழந்தைங்க சிலருக்கு, அபூர்வமா, முதுகுத்தண்டு நரம்பைத் தாக்கிடும். கால் பலம் போயிடும்."

"காய்ச்சல் அடிச்சது நெத்தியில, போனது காலா? நல்லாருக்கு உங்க கணக்கு!"

டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் பேத்தியின் முன்னால் குனிந்தார். "நீ இறக்கி விட்டப்ப என்னம்மா ஆச்சு?"

"கால் ஊனவே இல்ல. ஈரத்துணி மாதிரி மடங்கிடுச்சு."

"கேட்டீங்களா பெரியவரே? விழுந்ததால கால் போகல. கால் போனதாலதான் விழுந்தான். இவ மேல எந்தத் தப்பும் இல்ல. இவ ஓடிவந்து சொன்னதாலதான் சீக்கிரம் கொண்டு வந்திருக்கீங்க. மருந்து, பயிற்சி குடுப்போம். தேறி வருவான். முழுசா சரியாகும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

பேத்தி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மருமகள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"படிச்சவங்க எல்லாத்துக்கும் ஒரு பேர் வெச்சுடுவீங்க" என்று முறைத்தார் பூட்டுக்காரர். "கீழ போடாம கால் எப்படிப் போகும்? எனக்கா தெரியாது?"

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவருடைய கைத்தடியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பூட்டுக்காரர் கதவு வழியே உள்ளே கிடந்த பேரனின் காலை எட்டிப் பார்த்தார்.

"இது இப்பப் புதுசா கிளம்பின காய்ச்சலா?" என்று கேட்டார் பூட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி.

"இல்லீங்க. அந்தக் காலத்துலயும் காய்ச்சல் இப்படிக் காலைப் பறிச்சிருக்கு. இன்னும் அதிகமாவே."

"ம்க்கும்" என்று கனைத்துவிட்டுக் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அந்தப் பிள்ளைக்கு ஏதாவது தின்னக் குடும்மா. சுவரையே கடிச்சுடுவா போல."

"நீங்க எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"பஸ் பிடிக்க. எங்கக்காவைப் பார்க்கணும்."

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" கல்யாணமாகி வந்த இந்தப் பத்து வருஷத்தில் மருமகள் அப்படியொரு உறவைக் கேள்விப்பட்டதே இல்லை.

"இருக்கா. அவ மூஞ்சியில முழிச்சு அம்பது வருஷமாச்சு. இந்தம்மா சொன்னதை நான் நம்பிட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காத. எல்லாம் வெறும் பேச்சு. ஒரே ஒரு சங்கதி அவகிட்ட கேட்டுட்டு வந்துடறேன்" என்றவர், மூன்று வயதிலேயே சூம்பிப்போன வலது காலை இழுத்து இழுத்து வாசலை நோக்கி நடந்தார்.

"என்னை அவ இடுப்புல இருந்து கீழ போட்டாளே, அதுக்கு முன்னாடி எனக்குக் காய்ச்சல் அடிச்சுதான்னு."