நூல் கட்டிய கரண்டி

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் மச்சான் லியோ பிரகாஷ். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால்தான்.

ஈஸ்டர் விருந்துக்கு வந்தவன், என் மகள் ஷெரின் இலையில் கறியை அள்ளி வைக்கப் போனான். பத்தாவது படிக்கிற பெண். இலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

“இன்னாடி, தவக்காலந்தான் முடிஞ்சிச்சே? நாப்பது நாளும் ஒழுங்கா இருந்துட்ட. இப்ப துன்னு.”

“இனிமே எப்பவுமே வேணாம் மாமா.”

“மீனு?”

“அதுவும் வேணாம்.”

“வெள்ளிக்கிழமையில சாமியாரே மீன் துன்றாரு. நீ அவருக்கு மேலயாடி?”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பினான்.

“புரிஞ்சிபோச்சி. கறி எடுக்க வக்கில்லாம செபாஸ்டின் மாமா பொண்ண சைவமாக்கிட்டாரு. நல்ல ரோசனதான்!”

பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னான். ஒருவரும் தடுக்கவில்லை. என் மனைவி மரிய சுகந்தி, அவனுக்கு அக்கா, சிரித்துக்கொண்டே அவன் இலையில் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

ஷெரின் ஏன் விட்டாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் கரிக்கலாம்பாக்கம் ரோட்டோரக் கறிக்கடைக்கு அவளை நான்தான் அனுப்பினேன். வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

“ஒரு ஆட்ட உரிச்சிக்கிட்டு இருந்தாங்கப்பா. பக்கத்துல கட்டியிருந்த ஆடு அதப் பாத்துக்கிட்டே தழ துன்னுது. எனக்கு முடியலப்பா.”

எனக்கு அது புரிந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் லியோ பிரகாஷ் சிரித்த பிறகு நான் அவள் கட்சி.

“ரெண்டு கொழம்பு வைக்க என்னால ஆவாது. நீங்களே பொங்கிப் போட்டுக்குங்க” என்றாள் சுகந்தி.

போட்டேன். புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கினேன். மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். மூன்றாவதோடு படிப்பை விட்டு, வயல் மோட்டார் கொட்டகையிலேயே காலம் தள்ளினவன், ஐம்பத்தெட்டு வயதில் பருப்பு கடையக் கற்றுக்கொண்டேன்.

தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்பாள்.

“கரண்டி மாறலியேப்பா?”

“மாறலம்மா.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சாப்பிடுவாள். எங்கள் வீட்டுப் பூனை எல்லார் தட்டையும் சுற்றும், அவள் தட்டுப் பக்கம் மட்டும் வராது. அதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். பாகூர் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ரத்தம் ஏழுதான் இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

“எம்பொண்ணுக்கு ஏதாவது ஆச்சி, உங்கள சும்மா வுட மாட்டேன்” என்றாள் சுகந்தி.

அன்றைக்கே லியோ பிரகாஷ் போன் செய்தான்.

“மாமா, எலும்ப வேக வச்சி அந்தத் தண்ணிய பருப்புல ஊத்திடு. அவளுக்கு இன்னா தெரியப் போவுது?”

“வைடா போன!” என்றேன்.

மறுநாளும் பருப்பு நான்தான் கடைந்தேன்.

“கரண்டி மாறலியேப்பா?”

“மாறலம்மா.”

கரண்டி மாறவில்லை. அது உண்மை.

அதன் பிறகு ஷெரின் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். அங்கே காற்று வருகிறது என்றாள். பூனையும் அவள் கூடவே போனது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா பண்டிகை. அதே கூட்டம் வந்திருந்தது. முந்தின நாள் பார்த்ததில் ரத்தம் பதினொன்று ஏறியிருந்தது.

“பாத்தியா மாமா? கறி இல்லாமயே ஏறிடுச்சி” என்றாள் ஷெரின். “எல்லாம் எங்கப்பா கை!”

லியோ பிரகாஷ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

ஏழு வாரமாக மோட்டார் கொட்டகையில் எலும்பை வேகவைத்து, வடிகட்டி, தூக்குவாளியில் கொண்டுவந்து அந்தப் பருப்பில் ஊற்றியது இந்தக் கைதான்.

எல்லோரும் போன பிறகு ஷெரின் பாத்திரம் கழுவினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“நாளையிலேர்ந்து நானே பொங்கிக்கிறேம்பா.”

“ஏம்மா? நல்லாத்தான ஏறியிருக்கு?”

“அது மாத்திரையில ஏறுனது. இஸ்கூல்ல போடுற சோத்துல ஏறுனது.” தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “நீ ஊத்துன மொத நாளே பூன என் தட்டுகிட்ட வந்துடுச்சிப்பா. அன்னியிலேர்ந்து உன் பருப்ப அதுதான் துன்னுது.”



“அப்புறம் ஏம்மா எல்லார் முன்னாடியும் என் கைன்னு சொன்ன?”

“இல்லன்னா மாமா திரும்பவும் உன்னப் பாத்து சிரிப்பாரு.”

சட்டியையும் நூல் கட்டிய கரண்டியையும் துடைத்து, தன் புத்தக அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் ஆகிறது. அவளே சமைக்கிறாள். எனக்கும் ஒரு கரண்டி ஊற்றுகிறாள். நான் கேட்டால் பதில் சொல்கிறாள். அவள் மட்டும் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

லியோ பிரகாஷ் எனக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி. அவன் தர மாட்டான், அது போகட்டும். என் மகள் எனக்கு ஒரு திட்டுப் பாக்கி. தினமும் தட்டின் முன்னால் காத்திருக்கிறேன். இன்றைக்கும் அவள் தரவில்லை.