நழுவல் நிபுணர்

அலுவலக இணையப் பக்கத்தில் அவரவர் திறமையை அவரவரே எழுதிக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கணினியே ஆளைக் கவனித்து எழுதிவிடுகிறது. இத்தனை வருடம் ‘கூட்டு முயற்சி’ என்று போட்டுக்கொண்டிருந்த நெல்லையப்பனின் படத்துக்குக் கீழே இன்று காலை இப்படி வந்திருந்தது: ‘மீட்டிங்கிலிருந்து நழுவுவதில் நிபுணர்.’

வேலை போச்சு என்றுதான் நினைத்தார். அதற்குள் மனிதவள மேலாளர் ஜெனிட்டா அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“சார், கம்பெனியிலயே இதுல நீங்கதான் நம்பர் ஒன். மத்தியானம் ஹால்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுக்கணும். எம்.டி.யும் வர்றாரு.”

“ஏம்மா, அதுவும் ஒரு மீட்டிங்தானே?”

“கட்டாயம் வரணும் சார்.”

மத்தியானம் ஹாலில் நிற்கக்கூட இடமில்லை. எம்.டி. முதல் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நெல்லையப்பன் தொண்டையைச் செருமினார். “முதல் பாடம் ரொம்ப ஈஸி. போனைக் காதுல வச்சுக்கிட்டு, ‘சொல்லுங்க டாக்டர்’னு கவலையாச் சொல்லணும். அப்படியே வெளிய நடக்கணும். திரும்பிப் பார்க்கவே கூடாது.”

அதைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினார். ஹாலில் ஒருவர்கூட இல்லை.

வராந்தாவில் எம்.டி.யின் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது: “சொல்லுங்க டாக்டர்...”